ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

திருப்பூர் நல்லூரில் எனக்கு ஐந்து வீடு வரிசையாக ஒரு லைன் இருக்கிறது. கையெழுத்து போட மட்டும்தான் தெரியும் எனக்கு, ஆனால் அந்த லைனைக் கட்டி நிறுத்தியவள் நான். கடைசி வீட்டில் ஒரு பிள்ளை குடியிருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீடு கேட்டு வந்த அன்றே, "நான் திருநங்கைங்க ஆத்தா, இப்பவே சொல்லிடறனுங்க" என்றாள். தண்ணி மோட்டார் போடுகிற நேரத்தைச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

அதே கம்பெனியில் கட்டிங் டேபிளில் நிற்கிற ஒருத்தன் ஞாயிறானால் அவளைப் பார்க்க வருவான். லைனில் இன்னும் இரண்டு பெண்கள் அந்தக் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். திருநங்கையை விரும்புகிறான் என்று பேச்சுக் கிளம்பிவிடுமாம். அதனால் தோளில் ஒரு டூல்ஸ் பை. லீவு நாளில் ஃபேன் ரிப்பேர் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டான்.

அடுத்த வாரமும் ஃபேன். அதற்கடுத்த வாரமும் அதே ஃபேன். யாரும் சந்தேகப்படவில்லை. சொன்ன நாளில் வருகிற மெக்கானிக் திருப்பூரில் எங்கே கிடைக்கிறான்? எதிர் வீட்டுக்காரி மிக்சியைக் கொண்டுவந்து நீட்டினாள். முழித்தான். பிரித்தான். போனில் பார்த்துப் பார்த்து மாட்டினான். அது ஓடிவிட்டது. அதுதான் வினை. பிறகு குக்கர், கிரைண்டர் என்று வாசலில் வரிசை. நானும் ஒரு பழுதும் இல்லாத மிக்சியைக் கொடுத்தேன், ஆள் எப்படியென்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க. கடைசி வீட்டுப் பிள்ளை படியில் உட்கார்ந்திருப்பாள். போட்ட டீ ஆறிப்போகும்.

ஒருநாள் என்னிடம் வந்தாள். "என்னைப் பாக்கத்தான் வந்தேன்னு அவரு நாலு பேரு முன்னால சொல்லட்டுங்க ஆத்தா. இல்லீன்னா வரவே வேண்டாம்னுட்டனுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வாரம் பூராவும் அவள் சோறு குண்டாவிலேயே கிடந்தது. வருவான் கண்ணு என்று நான் சொல்லவில்லை. எனக்கென்ன தெரியும்?

ஞாயிறு வந்தான். பை இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டான், எடுத்தான். மிக்சி ஜாரோடு நின்ற எதிர் வீட்டுக்காரி பை எங்கே என்று கேட்டாள்.

"ரிப்பேருக்கு வரலீங்க. இவங்களைப் பாக்க வந்தேன். நாங்க விரும்பறமுங்க."

கம்பெனிப் பெண்கள் இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எதிர் வீட்டுக்காரி கொஞ்சம் யோசித்தாள்.

"பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க. பாத்துட்டு அப்படியே இந்த ஜாரையும் பாத்துருங்க, அடியில ஒழுகுது."

படியில் இருந்தவள் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். "அவருக்கு இன்னைக்கு லீவுங்கக்கா" என்று உள்ளே கூட்டிப்போனாள்.

நான் கொண்டுவந்திருந்த அயர்ன் பாக்ஸை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன்.