சுவருக்கும் காருக்கும் நடுவில்
பிரேக் மெக்கானிக்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அவர் சரிசெய்த வண்டியை முதலில் மனைவிதான் ஓட்ட வேண்டும். அவர் பட்டறைச் சுவரை ஒட்டி எதிரே நிற்பார்.

இந்த முறை ஒரு பழைய அமெரிக்க வேகக் கார். புதுச் சாமான் கூடாது என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். துருப்பிடித்த பிரேக் சிலிண்டரையே கடைந்து, உள்ளே பித்தளைக் குழாய் செருகி, மூன்று வாரம் மாரடித்திருந்தார்.

அன்று காலைதான், "உங்கம்மாவுக்கு வாய் நீளம்" என்று மனைவியிடம் சொல்லித் தொலைத்தார். அவள் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

கார் உறுமிக்கொண்டு வந்தது. வழக்கமாக அவள் பிரேக்கை மிதிக்கும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியும் வந்தது. அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. நான்தான் மிதிக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டேன்."