கருப்பு வெள்ளையில் அப்பா

எங்கள் வீட்டுக் கலர் மானிட்டர் கெட்டுப்போனதாக மாமா சொன்னபோது நான் நம்பவில்லை. முந்தின நாள்கூட அதில் சீட்டு விளையாடியிருந்தேன். ஆனால் அம்மாவின் தம்பியான அவர் கொட்டாரத்தில் டி.வி., கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். வைத்தியரோடு யார் வாதாடுவது? தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அப்போது நிறைமாதம். அதற்கு முன் ஒன்று தவறியிருந்ததால், அவளுக்குப் பதற்றம் தரும் எதையும் சொல்லக்கூடாது என்பது வீட்டில் சட்டம். மஸ்கட்டில் வேலையிலிருந்த அப்பாவை வெள்ளிக்கிழமைதோறும் கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் அவளுக்கு ஆறுதல். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் மாமா, ஸ்கேன் சென்டரில் கழித்துப்போட்ட கருப்பு வெள்ளை மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பிரித்துப் போட்டார்.

கம்ப்யூட்டர் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வயரில் படம் அனுப்பும். இந்தக் கிழட்டு மானிட்டருக்கு வாங்கத் தெரிந்தது ஒரே வயர். மாமா முதலில் பச்சையை மட்டும் கொடுத்துக் கல்யாண போட்டோவைத் திறந்தார். அம்மாவின் சிவப்புச் சேலை தார் பூசியதுபோல் இருந்தது.

“லேய், எனக்க கல்யாணச் சேலைய இப்பிடிக் கரியாக்கிப்போட்டியே!”

மாமா மூன்று வயருக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வைத்து, ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்தார். சேலை சாம்பல் நிறத்துக்கு ஏறியது.

“உங்க கடையில ஒரு கலர் மானிட்டர் இல்லியா மாமா?” என்றேன்.

“உனக்கு அப்பாவப் பாக்கணுமா, கலரப் பாக்கணுமா மக்கா?”

வெள்ளிக்கிழமை அப்பா சாம்பல் நிறத்தில் வந்தார்.

“மெலிஞ்சு போனியளே. நேரத்துக்குத் தின்னுதியளா?”

“இங்க சூடு கூடுதலு. வேற ஒண்ணுமில்ல.”

ஆள் மெலிந்தாலும் வெளுத்து நிறம் கூடியிருக்கிறார் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அன்று நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் மாமா கடையில் எங்கள் கலர் மானிட்டரைப் பார்த்தேன். நான் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கரோடு பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் உன் தம்பி திருடன் என்று நிறைமாதக்காரியிடம் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நாட்களில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. கண்ணும் முகமும் மஞ்சளாகிக் கிடந்திருக்கிறார். பார்க்கவில்லை என்றாலும் அம்மா பயப்படுவாள், கலரில் பார்த்தாலும் பயப்படுவாள் என்று மாமாவிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறார். நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் இது எனக்குத் தெரிந்தது.

தம்பி நல்லபடியாகப் பிறந்து, அப்பாவும் குணமாகி விடுமுறையில் வந்தார். பெட்டியைத் திறந்ததும் இருப்பதிலேயே நல்ல கைக்கடிகாரத்தை எடுத்து, மாமாவின் கையில் தானே கட்டிவிட்டார். திருடனுக்கு வாட்சா என்று அன்று முழுக்க நான் சோறு தின்னவில்லை.