மேட்ச் பார்க்கப் போனவனின் எண்

பெர்பெத்துவா அவினோ பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனால் ஒரே ஒரு பொய்யை மட்டும் நான்கு வருஷமாக, வருஷத்துக்கு மூன்று தடவை, முகம் மாறாமல் சொல்லிவந்தாள். கேட்பவள் அபோண்டி. பல்கலைக்கழகத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் கணக்கு எடுப்பவள்.

"இந்த வீட்ல எத்தனை பேர் இருக்கீங்கம்மா?"

"ரெண்டு பேர். நானும் ஒடேராவும்."

"அவன் எங்க?"

"கிசுமு டவுனுக்கு ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போயிருக்கான். பொழுதோட வந்துருவான்."

முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் அவள் மகன் ஒடேரா கிளம்பினான். போனவன் போனவன்தான். முதலில் போனை எடுக்கவில்லை. பிறகு மணியே அடிக்கவில்லை. மொம்பாசா துறைமுகத்தில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார், நைவாஷாவில் பூத்தோட்ட வேலையில் பார்த்ததாக இன்னொருத்தர். குழாயடியில் ரோசலியாவின் வாய் மட்டும் சும்மா இருக்காது.

"என்ன ஒடேராம்மா, மேட்ச் இன்னும் முடியலையா? எக்ஸ்ட்ரா டைம் ஓடுதோ?"

அவினோ தண்ணீர் கேனைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடப்பாள்.

நான்கு மாதம் தொடர்ந்து வீட்டில் தங்காதவனை 'வெளியேறினார்' என்று எழுதிவிட வேண்டும். அது பல்கலைக்கழகத்தின் விதி. பெற்ற மகனை வெளியேறினவன் என்று தன் வாயாலேயே சொல்வதா? கள்ளிவேலியின் வாசலை ஒட்டி அவன் தனக்கென்று கட்டிக்கொண்ட குடிசையைத் தினமும் பெருக்கினாள். கணக்கு எடுப்பவர்கள் கதவில் நீலச் சாயத்தில் எழுதியிருந்த அவன் எண்ணை, தூசி படியாமல் ஈரத்துணியால் துடைத்தாள். மக்காச்சோளக் களி கிளறும்போது, கை தானாக இரண்டு பேருக்கு மாவு அள்ளிவிடும். மீதியைக் கோழிகள் தின்று கொழுத்தன.

இந்தக் கணக்கு தொடங்கிய காலத்தில் நியாபேரா ஊரே சிரித்தது. நம் தலையை எண்ணி யாரோ பட்டம் வாங்கப் போகிறார்கள், காகிதமெல்லாம் அலமாரிக்குப் போகும் என்றார்கள். அவினோவும் சிரித்தவள்தான். ஆனால் அபோண்டி முதல் நாளே ஒன்று கேட்டாள்: பிறந்து, பிறகு தவறிப்போன பிள்ளைகள் உண்டா? அதுவரை ஒருவரும் அதை அவளிடம் கேட்டதில்லை. அகோத், மூன்று வயசு, காய்ச்சல். ஒகோலா, பதினாலு மாசம், அதே காய்ச்சல். அவள் அழுது முடிக்கும் வரை அபோண்டி அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

அப்படி நாற்பது ஊர்களில் எழுதிய சாவுகளைக் கூட்டிப் பார்த்தபோது, சதுப்புப் பக்கத்து ஊர்களில்தான் காய்ச்சல் அதிகப் பிள்ளைகளைக் கொண்டுபோயிருந்தது. பல்கலைக்கழகத்தார் அதை மாவட்ட அரசிடம் கொண்டுபோய் வைத்தார்கள். மூன்றே வருஷத்தில் சதுப்போரமாக ஒரு சுகாதார நிலையம் எழும்பியது. சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம், தன் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கட்டியது என்று அவினோவுக்குத் தோன்றும்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் கொசுவலை வந்தது. பல்கலைக்கழகப் பட்டியலைப் பார்த்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அவினோ இரண்டு வாங்கி, ஒன்றைத் தன் கட்டிலுக்கும் இன்னொன்றை ஒடேராவின் கட்டிலுக்கும் கட்டினாள்.

அடுத்த வாரம் அபோண்டி வந்தாள். திறந்திருந்த குடிசைக்குள் எட்டிப் பார்த்தாள். வலை மடிப்புக் கலையாமல் தொங்கியது. எட்டு வருஷமாக வாசல் வாசலாக மிதிப்பவளுக்கு ஆள் புழங்காத வீடு தெரியாதா? அவளுக்கு எப்போதோ தெரியும். தெரிந்தும் இரண்டு பேர் என்றே எழுதிக்கொண்டிருந்தாள்; மேலே இருப்பவர்கள் கண்டுபிடித்தால் வேலையே போய்விடும். அவினோ கொடுத்த பால் தேநீரை வாங்கிக் குடித்தாள்.

"ஏம்மா அபோண்டி, வெளியூர்ல இருக்கிறவங்களுக்கும் வலை குடுப்பாங்களா?"

"பட்டியல்ல பேர் இருந்தா குடுப்பாங்கம்மா."

"இங்கயும் அங்கயும் ரெண்டு இடத்துல பேர் இருந்தா?"

"அது முடியாது. ஒரு ஆளு ஒரு வீட்லதான் இருக்க முடியும். ஒரு எடத்துல எழுதிட்டா இன்னொரு எடத்துல எழுத மாட்டாங்க."

யோசிக்காமல்தான் சொன்னாள். அவினோ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான்தான் அவன இங்க பிடிச்சு வெச்சிருக்கேன்," என்றாள். "அவன் எங்கயோ வலை இல்லாம கொசுக்கடியில கெடக்குறான். ரெண்ட காய்ச்சலுக்கு வாரிக் குடுத்தவ நான். எழுதும்மா, போயிட்டான்னு எழுது."

மொம்பாசாவிலும் நைவாஷாவிலும் நாங்கள் எண்ணுவதில்லை, கணக்கு இந்த நாற்பது ஊருக்கு மட்டும்தான் என்று சொல்ல அபோண்டி வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு, டேப்லெட்டைத் திறந்தாள்.

"எந்த ஊருக்குப் போனான்?"

"தெரியாதுன்னு எழுத எடம் இருக்கா?"

"இருக்கும்மா. எதுக்காகப் போனான்? வேலையா, படிப்பா, கல்யாணமா?"

"மேட்ச் பார்க்க."

அப்படி ஒரு காரணம் அதில் இல்லை. அபோண்டி 'மற்றவை' என்பதைத் தொட்டாள்.

"இப்ப வீட்ல எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதான்." சொன்ன பிறகு தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவனோட நம்பர் என்ன ஆகும்?"

"அது அவனோடதும்மா. எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் அதே நம்பர்லதான் சேர்த்துக்குவோம்."

"வேற யாருக்கும் குடுத்துற மாட்டீங்களே?"

"மாட்டோம்மா."

அவினோ எழுந்து குடிசைக்குப் போனாள். வலையை அவிழ்த்து, மடித்து, ரோசலியாவின் புது மருமகளுக்குக் கொடுக்கச் சொல்லி அபோண்டியிடம் நீட்டினாள். பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்து, கதவில் இருந்த நீல எண்ணை எப்போதும்போலத் தூசி போகத் துடைக்க ஆரம்பித்தாள்.