கான்சாபுரத்து மருதமரமும் மெஷின் ரம்பமும்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை 6.10. தூறலும் ஆடிக் காற்றும். மேற்கே மலை தெரியவில்லை. ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு ரூபாய். ஜன்னல் அடைபடாததால் இடது தோள் முழுக்க நனைந்தது.

கான்சாபுரத்து ஓடைக்கரையில், என் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் பொதுவான வரப்பில், ஒரு மருதமரம் நிற்கிறது. அவர்களுடைய தாத்தா நிலம் வாங்கும்போதே அது கிழமரமாம். போன மாதம் அதன் கிளையொன்று முறிந்து மோட்டார் ரூம் மேல் விழுந்தது. மரத்தை நாளைக்கு எடுக்கப் போவதாக முந்திய நாள் மச்சினன் போன் செய்தான். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவன்; யோசனை கேட்கமாட்டான், தகவல் சொல்வான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுத்த பஸ் கிளம்ப நாற்பது நிமிடம். எப்போது போய்ச் சேரும் என்று கண்டக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். "வண்டி ஓடுனாத்தான் அய்யா ஊரு வரும், நீங்க கேட்டா வராது" என்றார். நான்கு பேர் சிரித்தார்கள்.

8.35க்கு இறங்கி வேகமாக நடந்தேன். மரம் நின்றது. டேப்பால் அளந்தேன்: சுற்றளவு பதினெட்டரை அடி. இது போனால் அடுத்த வெள்ளத்தில் கரையும் போகும், நம் மண்ணும் போகும் என்றேன். முறிந்து தொங்கும் அடுத்த கொப்பு ஆள் மேல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்றான் மச்சினன். இரண்டு பேர் குரலும் ஏறியது. கடைசியில், பழைய வழக்கப்படி மரத்திடமே கேட்கச் சொன்னேன். கோடாலியை அடிமரத்தில் சாத்திவைப்பார்கள். அது சரிந்தால் வெட்டக் கூடாது. இந்தக் காற்றில் சரியாமல் எங்கே போகும் என்பது என் கணக்கு.

மரம் வெட்ட வந்தவரிடம் கோடாலியே இல்லை. மெஷின் ரம்பத்துக்குச் சந்தனம் பூசி, இரண்டு வேர்களுக்கு நடுவே சாத்தினார். அரை மணி நேரம் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் குடை பறந்து ஓடைக்குள் போனது. ரம்பம் அசையவில்லை.

"மரம் சரின்னுட்டு. நீங்கதான அத்தான் கேக்கச் சொன்னிய?" என்றான் மச்சினன்.

மரம் வெட்டுகிறவர் மெஷினை ஸ்டார்ட் செய்யக் கயிற்றை இழுத்தபோது, மோட்டார் ரூமில் குடியிருக்கும் காவல்காரரின் மனைவி வந்தாள்.

"மரம் நின்னா என்ன, போனா என்னய்யா. எம் புள்ளைய ரெண்டும் அந்தக் கொப்புக்கு நேர் கீழ படுக்குது. காத்தடிச்சா எனக்குத்தான் தூக்கமில்ல."

கூரைத் தகரம் நடுவில் குழிந்திருந்தது. அங்கிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு கிழக்கே நடந்தேன்.

"நூறு அடி தள்ளி ஒரு ரூம் கட்டினால் மரம் நிற்கட்டுமா?"

"கட்டுறது யாரு?" என்றான் மச்சினன்.

"நான்."

மச்சினன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். "கட்டி முடியுற மட்டும் அவிய எல்லாரும் எங்க வீட்ல படுக்கட்டும். ஐப்பசிக்குள்ள ரூம் நிக்கணும் அத்தான். இல்லைன்னா நான் கேக்கமாட்டேன். மரம்தான் ஏற்கெனவே சொல்லிட்டே."

தொங்கிக்கொண்டிருந்த கொப்பை மட்டும் இறக்கினார்கள்.

திரும்பும் பஸ்ஸிலும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு காற்றுக்கும் மலைப்பக்கம் பார்த்தேன். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு மரமும் கிடையாது. காற்றடித்தால் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிவிடலாம். இனி அதுவும் முடியாது.

புரட்டாசிக் கடைசியில் அவர்கள் புது ரூமுக்கு மாறினார்கள். பஸ், டீ, குடை, வெட்டுக்கூலி, பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ரூம்: ஆக மொத்தம் தொண்ணூற்றாறாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்.