மெம்பர் அம்மா

எங்கம்மா பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர் ஆனது, கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போக அனுமதி கேட்கப் போய்த்தான்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. மானாம்பதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே ஒரு அரசு நடுநிலைப்பள்ளி. குழுவைப் புதிதாக அமைக்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பெற்றோரையெல்லாம் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா நடவிலிருந்து நேராக வந்திருந்தாள். காலில் சேறு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. கடைசியில், சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். குழு எதற்கு, அதில் யாரெல்லாம் இருக்கலாம் என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டு, "விருப்பம் இருக்கிறவங்க தானா முன்வரணும். கை தூக்குங்க" என்றார். யாரும் தூக்கவில்லை. ஆண்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். பெண்கள் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்கள். அந்த அமைதியில்தான் அம்மா கையைத் தூக்கினாள். கழனியில் நடவு ஆட்கள் காத்திருக்கிறார்கள், நான் கிளம்பலாமா என்று கேட்பதற்காக. பெரிய டீச்சர் அவளை வாய் திறக்கவே விடவில்லை. "பாத்தீங்களா, காலனியிலேர்ந்து ஒரு அம்மா மொதல்ல வந்துட்டாங்க!" என்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அம்மா தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மெதுவாகத் தலையைச் சொறிந்துகொண்டாள்.

கட்டட வேலை முடிந்து வந்த அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். "இன்னா மெம்பரு, நாஷ்டா ஆச்சா?" என்று ஒரு வாரம் காலையில் அப்படித்தான் கூப்பிட்டார். மறுநாளே போய்ப் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கலாம். அம்மா போகவில்லை. "கை தட்டிட்டாங்க, இனிமே எப்பிடிப் போயி வாணான்றது" என்றாள். அடுத்த கூட்டத்துக்குப் பெட்டியிலிருந்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கூட்டம் எங்கள் வகுப்பறையில் நடந்தது. எங்களை விளையாட அனுப்பிவிட்டார்கள். நானும் இரண்டு மூன்று பெண்களும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது எனக்குப் புதிது.

குழுவுக்குத் தலைவி, கழனிக்கார அக்கா. ஊர்த் தெருவில் இருக்கும், சொந்த நிலம் வைத்துப் பயிரிடும் வீடு. அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போவது பெரும்பாலும் அவர்கள் கழனிக்குத்தான். அவர் மகள் என் வகுப்பு. ஜன்னலில் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அக்காவுக்கு அடுத்த நாற்காலியில் ரைஸ்மில்காரர். அவருக்கும் சொந்தக் கழனி உண்டு, மகன் ஆறாம் வகுப்பு.

பேச்செல்லாம் முடிந்து தீர்மானப் புத்தகம் கைமாறி வந்தது. எல்லோரும் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபியை எடுத்தார்கள். அம்மாவிடம் வந்தபோது புத்தகம் நின்றுவிட்டது. அவள் பத்தாவது வரை படித்தவள். உதடு அசைய முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ரைஸ்மில்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லோரும் போட்ட மாதிரி இவளும் போட்டுவிட்டு வரக் கூடாதா?

"டீச்சர், 'மாணவியர் கழிப்பறை தூய்மையாகப் பயன்பாட்டில் உள்ளது'ன்னு எழுதிக்கீதே," என்றாள் அம்மா. "அது பூட்டித்தான கீது?"

பூட்டித்தான் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல். எங்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவோம். முடியாவிட்டால் பின்னால் இருந்த வேலிக்காத்தான் புதருக்கு இருவர் இருவராகப் போவோம், ஒருத்தி காவலுக்கு நிற்பாள்.

பெரிய டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. கெட்டவர் இல்லை. எங்களுக்கெல்லாம் பேன் பார்த்துவிட்டவர். "இன்னாம்மா பண்றது. கழுவ வந்தவங்க போன வருஷமே நின்னுட்டாங்க. ஆள் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். திறந்து விட்டா ரெண்டு நாள்ல நாறிடும். பூட்டியிருக்குன்னு புத்தகத்துல எழுதினா எனக்குத்தான் மெமோ வரும்."

"ஆளு கெடைக்காதுங்க இப்பல்லாம்," என்றார் ரைஸ்மில்காரர். "உள்ளூர்லயே யாராச்சும்…" என்று இழுத்துவிட்டு நிறுத்தினார். ஓரிருவர் பார்வை அம்மா பக்கம் போய் வந்தது. அறையில் எல்லோரும் எதற்கோ காத்திருப்பதுபோல் இருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. பெரிய டீச்சரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அம்மாமேல் எல்லோருக்கும் கோபம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. இரண்டையும் ஒரே வார்த்தையில் சரிபண்ணிவிடலாம் என்று தோன்ற, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"எங்கம்மா கழுவும் டீச்சர்!"

ரைஸ்மில்காரர் சிரித்துவிட்டார். "பாருங்க, கொயந்தயே வயி சொல்லிடுச்சி."

பெரிய டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டப் போகும் பார்வை இல்லை அது. திட்டும் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நான் கழுவ மாட்டேன்," என்றாள். "நான் மெம்பரு. கையெழுத்துப் போட வந்துகிறேன். மெம்பருங்க அத்தினி பேரும் மொற வச்சிக்கினு கழுவலாம்னு சொல்லுங்க, மொத நாளு நான் வரேன். ரெண்டாவது நாளு அவரு வரட்டும். இல்லயா, பூட்டிக் கீதுன்னு எழுதுங்க, ஆளு வேணும்னு எழுதுங்க. மெமோ வந்தா உங்கூட நாங்க எல்லாரும் வரோம் டீச்சர்."

ரைஸ்மில்காரரின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. இரண்டாம் நாள் யார் என்பதை எல்லோரும் மனத்துக்குள் ஒரு முறை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் முறை வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசவில்லை.

கழனிக்கார அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஏன்டி, அப்போ நீ பள்ளிக்கூடத்துல இன்னாதான் பண்ற?" என்று மகளைக் கேட்டார்.

அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே, "தண்ணி குடிக்க மாட்டேம்மா. வூட்டுக்கு வந்துதான்" என்றாள்.

அக்கா கொஞ்ச நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் வயிற்று வலி என்று அவளைக் காஞ்சிபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பிறகு அம்மாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பெரிய டீச்சர் முன்னால் வைத்தார். "அந்த வரிய அடிச்சிட்டு, இவங்க சொல்றத எழுதுங்க டீச்சர்."

அடித்து எழுதினார்கள். எல்லோரும் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். ரைஸ்மில்காரர் கடைசியாகப் போட்டார்.

மெமோ வரத்தான் வந்தது. பெரிய டீச்சர் பதில் எழுதிக்கொண்டு உத்திரமேரூர் கல்வி அலுவலகத்துக்குப் போனபோது, அம்மாவும் அக்காவும் இன்னும் நாலு பெண்களும் அதே பஸ்ஸில் போனார்கள். அரைப் பரீட்சைக்கு முன்னால் துப்புரவுக்கு ஒரு ஆள் போட்டார்கள். பூட்டைத் திறந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. அந்தப் போகம் ரைஸ்மில்காரர் கழனிக்கு அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த போகமும் கூப்பிடவில்லை. அவள் அதை ஒரு பெரிய பேச்சாகப் பேசி நான் கேட்டதில்லை. குழுவில் இருந்த காலம் முழுக்க ஒரு கூட்டத்தையும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்துதான் படித்தாள்.

பள்ளியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆனாலும் அந்தக் கூட்டம் முடிந்த மாலை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஏரிக்கரை மேல் நடந்து வந்தோம். அம்மா என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பாதி தூரத்தில் எனக்கு அழுகை வந்தது. "உனுக்கு ஒத்தாசயாத்தான்மா சொன்னேன்," என்றேன்.

"தெரியும்."

"நீ அக்கா வூட்டு மாட்டுக் கொட்டாய்லாம் கழுவுற இல்ல? அதான்."

அவள் நின்றாள். குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். "நான் கழுவுவேன்னு சொல்லச் சொல்லி யாருனா உங்கிட்ட சொன்னாங்களா? ஜன்னலாண்ட வந்து யாருனா சொல்லிக் குடுத்தாங்களா? பயப்படாம சொல்லு."

"ஆமாம்" என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்த முகம் அது. இன்று அது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால், போய் அவர்களிடம் சண்டை போட்டிருப்பாள். அதோடு போயிருக்கும்.

எனக்கு யார்மேலும் பழி போட மனமில்லை. உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்பதும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் சொன்னேன்."

அம்மா மெல்ல நிமிர்ந்தாள். ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நல்ல பதில்தானே சொன்னோம், ஏன் ஒன்றும் பேசாமல் நிற்கிறாள் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.