எலி இல்லாத மாதிரி

1. வாசலில் பால் கேன்

எலி கடித்தால் அரை மணி நேரத்தில் வலி போய்விடும். எலியை வெட்டியவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. நான் மருந்தியல் பேராசிரியை. ஆய்வு எலிகளை வளர்க்கிற கல்லூரி அனிமல் ஹவுஸின் பொறுப்பிலும் இருந்து ஓய்வு பெற்றவள். இது நான் வேலையை விட்டு வந்த வருஷம் நடந்தது.

சிங்காநல்லூரில் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்குச் சாந்தாமணிதான் பால் ஊற்றுவாள். இரண்டு மாடு வைத்திருந்தாள். எங்கள் வீடுகளை நம்பித்தான் அந்த மாடுகளும் அவளும். அன்று காலை கேன் நிறையப் பாலோடு என் வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்க டீச்சர், என்ற பாலுல அப்படி என்னத்தக் கண்டீங்க? குடிச்சா நெஞ்சு கெழடாயிருமுன்னு நீங்கதான் டெஸ்ட் பண்ணிச் சொன்னீங்களாமா. ஆருமே ஊத்த வேண்டாங்கறாங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனில் பேப்பர் செய்தியைக் காட்டினார். பால் மாதிரிகளில் இதயத்தை முதுமையாக்கும் சர்க்கரையைக் கோவைப் பேராசிரியை கண்டுபிடித்தாராம். சிரித்த முகத்தோடு என் படம் வேறு.

2. நாங்கள் செய்தது

வயதான இதயத்தைப் படிக்க வயதான எலி வேண்டும். எலி கிழடாக ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும். அதுவரை தீனி போட்டு, நோய் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதியில் செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு ஒரு குறுக்கு வழிதான் டி-கேலக்டோஸ். பால் சர்க்கரை உடைந்தால் வருகிற இரண்டு சர்க்கரைகளில் ஒன்று அது.

அதை இள எலிக்குத் தினமும் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவோம். உடம்பு சாதாரணமாகச் சமாளிக்கிற அளவை அது தாண்டிவிடும். சில வாரங்களில் இதயத்தின் செல்கள் சேதமாகும், புரதங்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும், தசையில் நார் படிந்து சுவர் விறைக்கும். முதுமையில் பார்க்கிற அதே மாற்றங்கள். இன்னொரு கூண்டில் ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கிற கன்ட்ரோல் எலிகளுக்கு வெறும் சலைன் ஊசி. மூன்றாவது கூண்டுக்கு அதே சர்க்கரை ஊசியோடு மருந்தும். இதயங்களை ஒப்பிட்டு, எந்த மருந்து அந்தச் சேதத்தைக் குறைக்கிறது என்று பார்க்கலாம்.

இதைத்தான் மாடல் என்கிறோம். தமிழில் மாதிரி. முதுமையின் சில பக்கங்களை மட்டும் காட்டுகிற ஏற்பாடு இது. முழு முதுமை ஆகிவிடாது. இயற்கையாகவே வயதான எலிகளிலும் சரிபார்க்காமல் நான் எதையும் உறுதியாகச் சொன்னதில்லை. மனிதர் குடிக்கிற பாலைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு டம்ளர் பால் இதில் எங்கிருந்து வந்தது?

3. வெட்டியவர்

நேராகக் கல்லூரிக்குப் போனேன். எங்கள் ஆய்வைப் பற்றிப் பேப்பருக்கு அனுப்ப, ஓய்வு பெறும்போது நான் கொடுத்த தமிழ்க் குறிப்பில் ‘பால் சர்க்கரையின் ஒரு கூறால் மூப்படைய வைத்த எலி மாதிரியில்’ என்று தெளிவாக எழுதியிருந்தேன். விளம்பரப் பிரிவு அதிகாரி, படித்த பையன், கொஞ்சமும் பதறாமல் சொன்னார்.

“அட்மிஷன் நேரமுங்க மேடம். எலின்னு பேப்பர்ல வந்தா பேரன்ட்ஸ் மொகஞ்சுளிப்பாங்க. அதுனால அதை மட்டும் எடுத்துப்போட்டனுங்க.”

அதை மட்டும்! எலி போனதும் மாதிரி அந்தரத்தில் தொங்கியது. நம் ஊரில் பால் சொசைட்டி இருக்கிற இடமெல்லாம் பால் மாதிரி என்றால் சோதனைக்கு எடுக்கிற சாம்பிள்தான். பேப்பர்காரர் பாலையும் மாதிரியையும் சேர்த்துவிட்டார். வேலை முடிந்தது.

உடனே மறுப்பு கொடுங்கள் என்றேன். அட்மிஷன் முடியட்டும், இப்போது கொடுத்தால் கல்லூரியின் பெயர் கெடும் என்றார். அவர் கையில் இருந்தது பால் காபி. ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க பேரு கெடக்கூடாது. எங்க பால்காரம்மா கறந்த பாலு கெட்டுப்போலாமுங்களா?”

நானே பேப்பருக்கு எழுதினேன். பொய்ச் செய்தி வந்த இடம் முதல் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில். திருத்தம் வந்ததோ வரன் விளம்பரத்துக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற எழுத்தில். அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அப்பார்ட்மென்ட்டில் வீடு வீடாக ஏறினேன். ஊசியில் ஏற்றுவது வேறு, வாயில் குடிப்பது வேறு என்று தொண்டை வறளச் சொன்னேன். சாந்தாமணி பாலை அவர்கள் எதிரிலேயே குடித்துக் காட்டினேன். படித்தவர்கள் நிறைந்த கட்டடம். பாதிப் பேர் திரும்ப வாங்கினார்கள். மீதிப் பேருக்குப் பாக்கெட் பால் பழகிவிட்டது.

4. கற்றது

இப்போதும் ஆய்வுப் பிள்ளைகள் கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி வருகிறார்கள். எலியில் பார்த்ததை எலியில் பார்த்ததாகவே எழுதுங்கள், அதையும் தலைப்பிலேயே எழுதுங்கள் என்கிறேன். ஊசியால் வரவழைத்த மூப்பு என்றால் அதையும் விடாதீர்கள். அழகுக்காக யாராவது ஒரு சொல்லை எடுக்க வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு சொல்லுக்கு ஏன் மேடம் இவ்வளவு பிடிவாதம் என்று சிரிக்கிறார்கள்.

திருத்தம் வந்த பிறகு நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன். எப்படித் தவறு நடந்தது, எந்தச் சொல்லை எடுத்தார்கள் என்று சாந்தாமணியிடம் விளக்கினேன். அதற்குள் அவள் ஒரு மாட்டைச் சந்தையில் விற்றிருந்தாள். என் பாத்திரத்தில் பாலை ஊற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எலின்னா எத்தன எழுத்துங்க டீச்சர்?”

“ரெண்டு.”

“ரெண்டெழுத்துக்கு ஒரு மாடு போயிருச்சுங்களா,” என்று கேட்டுவிட்டுக் கேனை மூடினாள்.