குமேஜியின் வலது கை

நூருல்லா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அவர் செய்த பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் படக்கதையின் இரண்டாம் பாகம் விற்றுத் தீர்ந்து மறுபதிப்புக்குப் போகிறது. முதல் பதிப்பில் ஏழு கட்டங்களில் பின்னணியிலிருந்த ஆறு பக்கம் மாறி ஓடியது, இந்த முறையாவது சரிசெய்துவிடலாமா என்று கேட்டு, சிதம்பரத்து அச்சகத்தில் அந்தப் பக்கங்களை மட்டும் தாளில் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். சிவப்புப் பேனாவால் மூன்று கட்டங்களை வட்டமிட்டிருந்தேன். நூருல்லாவின் மைத்துனர் சாதிக் போனில் வந்தார். “அண்ணே, மச்சான் மௌத்தாயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்ளோதான். சாயங்காலம் அசர் தொழுகையோட அடக்கம், வந்துருங்க” என்றார். பேனாவை மூடினேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடி திறந்து நான்காவது கட்டத்தையும் வட்டமிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். நான் செய்திகளுக்கு மெதுவாகத்தான் அசைகிற ஆள்.

இந்த வாசகர் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பெரும்பாலானோருக்கு நூருல்லாவை ஒரே ஓர் இடத்தில்தான் தெரியும். மூன்றாம் பாகத்தில், இதே பக்கத்தில், நான் எழுதிய பிழைதிருத்தக் குறிப்பில். அதைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கடலூர் முதுநகரில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவருடைய அலுவலகம். கோலாலம்பூர் அச்சகங்களில் இருபது வருடம் பக்கம் வடிவமைத்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் கம்மாபுரத்துக்காரன். வீட்டில் நெல்லும் உளுந்தும் போட்டார்கள், நான் சிதம்பரத்தில் உட்கார்ந்து ஜப்பானியப் படக்கதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதும் தமிழைப் பேச்சு பலூன்களுக்குள் உட்கார வைப்பது அவர் வேலை. ஜப்பானியர்கள் மேலிருந்து கீழாக எழுதுவதால் அவர்களுடைய பலூன்கள் நெட்டையாக, ஒல்லியாக இருக்கும். நம் சொற்களோ அகலம். ‘உண்டுவிட்டுச் செல்லுங்கள்’ என்று நான் ஒரு பாத்திரத்தைப் பேசவிட்டால் நூருல்லாவிடமிருந்து போன் வரும். “மச்சான், இவ்ளோ பேச்சு இந்த பலூன் தாங்காது. சாப்ட்டுப் போன்னு போட்டுக்கறேன்” என்பார். நான் இலக்கணம் பேசுவேன். அவர் எழுத்தின் அளவைச் சொல்வார். கடைசியில் அவர் சொன்னதுதான் நிற்கும், படிக்கவும் அதுதான் நன்றாக இருக்கும். இதை அவர் இருக்கும்போது நான் ஒப்புக்கொண்டதில்லை.

அவர் இடதுகைக்காரர். மௌஸ், பேனா, பிரஷ் எல்லாம் இடது கையில். ஆனால் அந்த அறையில் யாருக்காவது டீ கொடுக்கும்போது கிளாசை இடது கையில் எடுத்து, ஒரு நொடி நிறுத்தி, வலது கைக்கு மாற்றித்தான் நீட்டுவார். முதல் சில மாதங்கள் நான் இதைக் கவனிக்கவில்லை. கவனித்தபின் ஒருநாள் கேலியாக, இதென்ன பாய், பஸ் கியர் மாற்றுவதுபோல என்று கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னார். “நீங்கல்லாம் யோசிக்காம குடுக்கறீங்க. நான் ஒவ்வொரு வாட்டியும் யோசிச்சுத்தான் குடுக்கறேன்.” மதியம் யார் அந்த அறைக்குப் போயிருந்தாலும் ‘சாப்ட்டுப் போ’ என்பார். பார்சல் கொண்டுவந்த கூரியர்காரரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகள் வலமிருந்து இடமாகப் போகும். தமிழ் வாசகர்கள் குழம்புவார்கள் என்று சொல்லி, பக்கங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சிட முடிவு செய்தவன் நான். உரிமைதாரர்களிடம் அனுமதியும் வாங்கினேன். நூருல்லாவுக்கு அது ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. “நாங்க மதரஸா போன நாள்லேர்ந்து வலப்பக்கத்துலேர்ந்துதான் ஓதறோம், ஒருத்தனுக்கும் கண்ணு சுளுக்கிக்கல” என்றார். ஆனாலும் முதல் பாகத்தை நான் சொன்னபடி திருப்பிக் கொடுத்தார். அதில் எல்லா வீரர்களும் இடது கையால் வாள் சுழற்றினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் பாகத்தில் குமேஜி வந்தார். விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தப் படக்கதை ஒரு வீடியோ கேமை வைத்து வரையப்பட்டது. கேமில் இரண்டு படைகள், நடுவே ஓர் ஆறு. அந்த ஆறு திரையின் ஓரத்தில் ஒரு நீலக்கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டின் கரையில் ஒரு படகுத்துறையையும், அங்கே சோறு ஆக்கும் ஓர் ஆளையும் படக்கதை ஓவியர் தானாகச் சேர்த்திருந்தார். அவர்தான் குமேஜி. படகேறப் போகிறவர்களுக்குச் சோற்று உருண்டை கொடுப்பார். எந்தப் படை என்று கேட்க மாட்டார். மொத்தம் பதினோரு பக்கம், ஒன்பது பலூன். கடைசியாகக் கதாநாயகனுக்கு ஓர் உருண்டையை நீட்டுகிறார். அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு படகேறுகிறான். அதன்பிறகு குமேஜி கதையில் எங்கேயும் வருவதில்லை, அவரை யாரும் நினைப்பதும் இல்லை.

அந்தப் பதினோரு பக்கத்தைத் திருப்பிய அன்று நூருல்லா பஸ் ஏறிச் சிதம்பரத்துக்கே வந்துவிட்டார். அப்படி வருகிறவர் இல்லை. லேப்டாப்பைத் திறந்து காட்டினார். குமேஜி இடது கையால் சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வாள் இடது கைக்குப் போனபோது பேசாத ஆள் இப்போது ஏன் பேசுகிறார் என்று கேட்டேன். “சண்டைய எந்தக் கையில போட்டா என்ன மச்சான். சோத்த அப்படிக் குடுக்க முடியுமா? வாங்கறவன் என்ன நெனப்பான்?” என்றார். வாங்குகிறவனும் திரும்பித்தானே இருக்கிறான், அவனும் இடது கையைத்தானே நீட்டுகிறான் என்றேன். வாதம் என்று பார்த்தால் நான் ஜெயித்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். இந்த ஆள் கேமிலேயே கிடையாது, துண்டு வேஷம், இவருக்காக அச்சைத் தள்ளிப்போட முடியாது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் லேப்டாப்பை மூடினார்.

“கேம்ல இருக்கறவன் செத்தா பட்டன அழுத்துனா எழுந்துக்கறான். இவருக்கு இந்தப் பதினோரு பக்கந்தான் மச்சான் உசுரே. அதுலயாவது மரியாதையா இருக்கட்டும்.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். டீ குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

நான்கு நாள் கழித்துப் பக்கங்களை அனுப்பினார். கூடவே ஒரு வரி: ஏழு கட்டத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன், பார்த்துக்கொள். நான் பார்க்கவில்லை. கோபம் கொஞ்சம், அவசரம் கொஞ்சம். அச்சுக்கு ஒப்புதல் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அவர் செய்திருந்தது இது. குமேஜி சோறு கொடுக்கும் ஏழு கட்டங்களை மட்டும் மறுபடி பழையபடி திருப்பி வைத்திருந்தார். கை சரியாகிவிட்டது. ஆனால் கட்டம் முழுதும் திரும்பியதால் பின்னாலிருந்த ஆறும் கூடவே திரும்பிவிட்டது. ஒரு கட்டத்தில் இடப்பக்கம் இருக்கும் துறை அடுத்த கட்டத்தில் வலப்பக்கம் இருந்தது. கிளம்பிய கரைக்கே படகு போய்ச் சேர்ந்தது.

கடிதங்கள் வந்தன. காடாம்புலியூரிலிருந்து எழுதிய ஒரு வாசகர், கேமில் இல்லாத ஆளும் பூமியில் இல்லாத ஆறும் சேர்ந்து தன் காசைக் கரைத்துவிட்டதாக எழுதியிருந்தார். நன்றாக எழுதப்பட்ட கடிதம், எனக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்றாம் பாகத்தில் இந்தப் பக்கத்தில் பதில் போட்டேன். ‘பக்க வடிவமைப்பாளர் நூருல்லாவின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை. வருந்துகிறோம்.’ ஒப்புதல் கையெழுத்து யாருடையது என்று அதில் எழுதவில்லை.

அச்சுக்கு அந்தக் குறிப்பும் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். அவர்தானே பக்கம் வடிவமைப்பவர். தன்னைப் பற்றிய அந்த இரண்டு வரிகளை அவரே எழுத்துரு தேர்ந்தெடுத்து, ஓரம் நேராக்கி, ஒரு புள்ளி பிசகாமல் வைத்துக் கொடுத்தார். நான் போன் செய்யவில்லை. அவர்தான் செய்தார், வேறு ஏதோ பலூன் விஷயமாக. வைக்கும் முன் தானாகவே ஒன்று சொன்னார். “ஆறு திரும்புனா பரவால்ல மச்சான். கை திரும்பக் கூடாது.” அப்புறமும் ஒன்றரை வருடம் சேர்ந்து வேலை செய்தோம், எல்லாம் போனிலேயே. அந்த விஷயத்தை அவர் மறுபடி எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவன் நான், நானும் எடுக்கவில்லை. மறுபதிப்பு வரும்போது பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

செய்தி வந்த அன்று அசருக்கு முன்பே ஓ.டி.க்கு, அதாவது முதுநகருக்கு, போய்விட்டேன். அடக்கம் செய்யும் இடத்தில் எல்லோரும் மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். நான் ஒதுங்கி நின்றேன். நீங்களும் போடுங்க என்று சாதிக் சொன்னார். வலது கையில் அந்தப் பக்கங்கள் இருந்த பை இருந்தது. அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்தேன். மாற்றியபின்தான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அவர் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் முறை யோசித்துச் செய்த வேலையை, நான் ஒரு தடவை யோசிக்காமலே செய்திருந்தேன்.

திரும்பும் வழியில் சாதிக் அந்த அறையைத் திறந்து காட்டினார். என்னுடைய கோப்புகள் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று நூருல்லாவின் மனைவி வீட்டுக்குள்ளிருந்து சொல்லி அனுப்பியிருந்தாராம். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், மேசைக் கண்ணாடிக்கு அடியில், ஒரு துண்டுத் தாள் இருந்தது. மூன்றாம் பாகத்திலிருந்து கத்தரித்த என்னுடைய பிழைதிருத்தக் குறிப்பு. நான் அதையே பார்ப்பதைக் கண்டு சாதிக் விளக்கினார். “மச்சான் பேரு புக்குல வந்தது இது ஒண்ணுதாண்ணே. அக்காதான் வெட்டி வச்சுது. இங்க வந்தா எல்லாருக்கும் காட்டும்.”

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் மனைவி படித்திருப்பார். படித்தும் வைத்திருக்கிறார். மூன்று பாகங்களிலும் ஓவியர் பெயர் உண்டு, என் பெயர் உண்டு, அச்சகத்தின் பெயர்கூட உண்டு. பக்கம் வடிவமைத்தவர் பெயரைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிழை என்று வந்ததும் பெயர் உடனே ஞாபகம் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நூருல்லாவை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும், முன்பு எழுதிய அதே இடத்தில் எழுதுகிறேன். மூன்றாம் பாகத்தில் வந்த குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கவனக்குறைவு என்னுடையது. அவர் கவனித்ததால்தான் அந்த ஏழு கட்டங்களும் அப்படி இருக்கின்றன. இனி எல்லாப் பாகங்களிலும் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். மறுபதிப்பின் முதல் பிரதி முதுநகருக்குப் போகும். அந்தக் கண்ணாடிக்கு அடியில் வைக்க வேறொரு தாள் கிடைக்கட்டும்.

நான்கு சிவப்பு வட்டங்களோடு பாதியில் நின்ற அந்தப் பக்கங்களை நான் வைத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், எதையும் நீட்டுமுன் அவர் நிறுத்தும் அந்த ஒரு நொடியும்தான். எதையும் திருத்த வேண்டாம் என்று அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன். மறுபதிப்பிலும் ஆறு திரும்பித்தான் ஓடும். நீங்கள் மறுபடியும் கடிதம் எழுதுவீர்கள். பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆற்றை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்.